கூகுளில் வரவில்லை என்றால் உலகத்தில் இல்லையா?

கேள்வி:

வணக்கம் அக்கா. பத்தாங் பெர்ஜுந்தையில் இருந்து எழுதுகிறேன். வயது 28. தோட்டத்துப் பட்டறையில் வெல்டிங் வேலை. என் அம்மா இருபது வருடத்துக்கும் மேலாகச் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கி முதுகு போய்விட்டது. அவருக்காக ஒரு கருவி செய்தேன். நீளமான கம்பு, அடியில் உருளும் கம்பிக் கூண்டு. தரையில் தள்ளிக்கொண்டு போனால் பழம் கூண்டுக்குள் ஏறிவிடும், குனிய வேண்டியதில்லை. சருகும் மண்ணும் பிரிந்து கொட்ட உள்ளே ஒரு சல்லடை வைத்தேன். கைப்பிடியில் உள்ள நெம்புகோலை அழுத்தினால் பழம் மொத்தமும் சாக்கில் விழும். நாலு மாதத்துக்கு முன்னால் டிக்டாக்கில் வீடியோ போட்டேன், நிறைய பேர் விலை கேட்கிறார்கள். மாமா காப்புரிமை எடுக்கச் சொல்கிறார். இதே மாதிரி முன்பே வந்திருக்கிறதா என்று பார்க்கிற தேடல் அறிக்கைக்கு மட்டும் ஒரு கன்சல்டன்ட் நிறுவனம் 4,500 ரிங்கிட் கேட்கிறது. நானே இரண்டு ராத்திரி கூகுளில் தேடினேன். உறிஞ்சி எடுக்கிற பெரிய மெஷின்கள்தான் வந்தன, இந்த மாதிரி ஒன்றும் வரவில்லை. அப்படியானால் என்னுடையது புதுசுதானே? பணம் கட்டலாமா? (பெயர் போட வேண்டாம்.)

பதில்:

தம்பி, வணக்கம்.

நானும் அந்த ஊரில் பிறந்தவள்தான். பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் என் வாயில் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் வருகிறது. இந்த நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை போட்டது நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917ல். நூறு வருடம் தாண்டிவிட்டது, குலை வெட்ட மோட்டார் வைத்த கத்தி வந்துவிட்டது, எம்பிஓபி, அதாவது மலேசியச் செம்பனை வாரியம், கண்டுபிடித்த அந்தச் சந்தாஸ் கருவியை நீங்களே பட்டறையில் பழுது பார்த்திருப்பீர்கள், ஆனாலும் மரத்தடியில் சிதறின பழத்துக்கு இன்னும் அம்மாக்கள்தான் குனிகிறார்கள். அதனால்தான் உங்கள் கடிதம் வந்த ராத்திரியே கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உருளும் கம்பிக் கூண்டு புதுசு இல்லை. சல்லடையும் நெம்புகோலும் சேர்ந்து வேலை செய்கிற விதம் புதுசாக இருக்கலாம், அதைத்தான் நீங்கள் தேட வேண்டும். 4,500 ரிங்கிட்டை இப்போதைக்குக் கட்டாதீர்கள். முதல் சுற்றுத் தேடலை நீங்களே செய்ய முடியும், காசு செலவில்லை, எப்படி என்று கீழே எழுதுகிறேன்.

அதற்கு முன் அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது, டிக்டாக் வீடியோ. காப்புரிமைக்கு உலகத்தில் எங்கேயும் முன்பே வெளியாகாத விஷயமாக இருக்க வேண்டும், அந்த "வெளியானது" என்பதில் நீங்களே போட்ட வீடியோவும் சேர்த்தி. நம் நாட்டுச் சட்டம், அதாவது 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால், வெளியிட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பம் போட்டால் அதை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்களுக்கு நாலு மாதம் போய்விட்டது, எட்டு மாதம் மிச்சம். ஐரோப்பாவில் இந்தச் சலுகை கிடையாது. வீடியோவை இப்போது அழித்தாலும் வெளியானது வெளியானதுதான், அதனால் எந்தத் தேதியில் போட்டீர்கள் என்பது தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் உங்கள் வீடியோவை ஒரு அந்நியன் பார்ப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கூண்டுக்குள் இருக்கிற சல்லடை கண்ணுக்குத் தெரிகிறதா? நெம்புகோல் எதை இழுக்கிறது என்று புரிகிறதா? தெரியவில்லை என்றால் அந்தப் பாகம் அந்த வீடியோவில் வெளியாகவில்லை. அதற்காகவே சொல்கிறேன், இன்னொரு வீடியோ போடாதீர்கள், விலை கேட்கிறவர்களிடம் கருவியைக் கொடுத்தும் விடாதீர்கள், விண்ணப்பம் போகும் வரைக்கும்.

சரி, தேடலுக்கு வருவோம்.

கூகுளில் நீங்கள் என்ன அடித்திருப்பீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. "பாம் ஆயில் லூஸ் ஃப்ரூட் பிக்கர்", மலாயில் "புவா லெராய்", "பீஜி ரெலாய்". இதெல்லாம் நாம் பேசுகிற சொல். காப்புரிமை எழுதுகிறவர் இப்படிப் பேசுவதே இல்லை. செம்பனை என்று எழுதினால் உரிமை செம்பனைக்குள் சுருங்கிவிடும் என்று பயந்து, "தரையில் கிடக்கும் உருண்டையான பொருள்களைத் திரட்டும் கைக்கருவி" என்கிற மாதிரிதான் எழுதுவார், எவ்வளவு பொதுவாக எழுத முடியுமோ அவ்வளவு பொதுவாக. அதுவும் போகட்டும், உங்களுக்கு முன்னால் இதைச் செய்தவர் செம்பனையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அமெரிக்காவில் பீக்கன், வால்நட் மரம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கஷ்டம்தான், கொட்டை தரையில் விழும், குனிய வேண்டும். வளைந்து கொடுக்கும் கம்பிகளால் கூண்டு செய்து, கொட்டையின் மேல் உருட்டினால் கம்பி விலகி உள்ளே விட்டுவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும், கொட்டை வெளியே வர முடியாது. அதே கூண்டு டென்னிஸ் பந்துக்கு, கோல்ஃப் பந்துக்கு. உங்கள் அம்மாவின் முதுகுவலிக்கு மருந்து கோல்ஃப் மைதானத்துக் கோப்பில் கிடக்கிறது, நீங்கள் செம்பனை என்று தேடினால் அது எப்படி வரும்?

இதில் நான் பட்ட அடி ஒன்றைச் சொல்கிறேன். காப்புரிமைத் தேடல் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ரப்பர் மரத்தில் மழைத்தண்ணீர் வெட்டுக் காயத்திலும் பால் பிடிக்கிற மங்கிலும் இறங்காமல் இருக்க மரத்தைச் சுற்றிக் கட்டுகிற பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைப் பற்றித் தேடச் சொன்னார்கள். என் அப்பா பால்மரம் வெட்டியவர். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் அன்றைக்குக் காசு இல்லை, விடியற்காலையில் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால் இந்தத் தேடலை ரொம்ப ஆசையாகச் செய்தேன். "ரெய்ன் கார்ட்" என்று சேர்த்தும் பிரித்தும் எத்தனை விதமாக அடிக்க முடியுமோ அத்தனையும் அடித்தேன், வந்ததையெல்லாம் படித்தேன், தடையாக எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தடுப்பைச் செய்ய இருந்தவர் அச்சு வார்க்கப் பணம் போட்ட பிறகு பழைய ஆவணம் ஒன்று வெளியே வந்தது. அதில் "ரெய்ன் கார்ட்" என்ற சொல்லே இல்லை, "ஸ்கர்ட்" என்று எழுதியிருந்தது, பாவாடை. மரத்துக்குக் கட்டுகிற பாவாடை, படத்தைப் பார்த்தால் சின்னக் குழந்தைக்கும் தெரியும், அது இதுதான் என்று. பிறந்ததிலிருந்து பார்த்த பொருள், ஆனால் அதற்கு ஒரே ஒரு பெயர்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததை நான் மறக்கவில்லை. அதிலிருந்து சொல்லை மட்டும் நம்பி ஒரு தேடலையும் நான் முடித்ததில்லை.

பிறகு எதை நம்புவது? வகைப்பாட்டு எண்ணை.

உலகத்துக் காப்புரிமை அலுவலகங்கள் ஒவ்வொரு ஆவணத்துக்கும், அது எந்த மொழியில் இருந்தாலும், எந்தப் பெயர் வைத்திருந்தாலும், அது என்ன செய்கிறது என்பதைப் பார்த்து ஒரு எண் போட்டு வைக்கின்றன. 1971ல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் போட்ட ஒப்பந்தத்தில் வந்தது பன்னாட்டு வகைப்பாடு. அதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்து ஐரோப்பிய அலுவலகமும் அமெரிக்க அலுவலகமும் 2013 முதல் சேர்ந்து நடத்துவது சிபிசி, அதில் இரண்டரை லட்சம் அளவுக்குப் பிரிவுகள் இருக்கின்றன. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் நம் வீட்டுப் பொருளை வைத்துப் பார்த்தால் சுலபம். பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண் ஏ01ஜி 23/12. "ஏ" என்றால் மனிதனின் அன்றாடத் தேவைகள், "ஏ01" விவசாயம், "ஏ01ஜி" தோட்டக்கலையும் வனமும், 23 வனத்தொழில், 23/10 மரத்தில் பால் எடுப்பது, அதற்குக் கீழே 23/12 அதற்கான கத்தி. மங்கு மாதிரிப் பால் பிடிக்கிற பாத்திரம் 23/14. ஹைனானில் சீன மொழியில் எழுதின மின்சார வெட்டுக் கத்தியும், கேரளாவில் இருந்து வந்ததும், நூறு வருடத்துக்கு முன்னால் லண்டனில் பதிந்ததும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். இந்த எண்களில் வருகிற எழுத்துகளை நான் தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் தேடும்போது ஆங்கில எழுத்தாக அடியுங்கள்.

உங்கள் கருவிக்கு நான் பார்த்த வரைக்கும் மூன்று இடம். முதலாவது ஏ01டி 51/00, தரையில் சிதறிக் கிடக்கும் விளைச்சலைத் திரட்டும் சாதனங்கள். அதற்குள்ளேயே 51/002 என்று ஆப்பிளுக்கும் கொட்டைகளுக்கும் தனிப் பிரிவு, உங்கள் கூண்டின் உறவுக்காரர்கள் நிறைய பேர் அங்கே இருக்கிறார்கள். இரண்டாவது ஏ63பி 47/02, பந்து பொறுக்குவது. மூன்றாவது ஏ01டி 46/247, கையால் இயக்கும் பழம் பறிக்கும் கருவிகள், இதில் மரத்தில் இருந்து பறிப்பதுதான் அதிகம், இருந்தாலும் பழத்தைச் சாக்கில் கொட்டுகிற நெம்புகோல் மாதிரி ஏதாவது அங்கே ஒளிந்திருக்கலாம், ஒரு பார்வை பாருங்கள்.

எங்கே போய்த் தேடுவது என்றால், முதலில் எஸ்பாஸ்நெட். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1998 முதல் இலவசமாக நடத்துகிறது, 15 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள், பதிவு செய்யக்கூட வேண்டாம். கைப்பேசியில் செய்யாதீர்கள் தம்பி, படம் படமாகப் புரட்ட வேண்டியிருக்கும், கண் போய்விடும். நூலகத்துக் கணினியோ யாருடைய மடிக்கணினியோ கிடைத்தால் போதும். நம் ஊரிலேயே யுனிசெல் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, அங்கே படிக்கிற பிள்ளை யாராவது தெரிந்தவராக இருந்தால் ஒரு சனிக்கிழமை பக்கத்தில் உட்கார வையுங்கள், ஆங்கிலம் உங்களுக்குத் தடையாக இருந்தால்.

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் கருவி எந்தக் கஷ்டத்தைத் தீர்க்கிறது, இரண்டாவதில் என்ன வேலை செய்கிறது, மூன்றாவதில் எந்தப் பாகத்தால் செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை பெயர் உண்டோ அத்தனையும் எழுதுங்கள். கூண்டு என்றால் கேஜ், பாஸ்கெட், டிரம், ரோலர், ரீல். கம்பி என்றால் வயர், ராட், டைன், ஃபிங்கர், ஆமாம், விரல் என்றுகூட எழுதுவார்கள். சருகைப் பிரிப்பது என்றால் சீவ், ஸ்க்ரீன், செபரேட்டர், டெப்ரி, டிராஷ். இந்த நோட்டுதான் தேடல், மற்றதெல்லாம் விரல் வேலை.

பிறகு எண்ணையும் சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். ஏ01டி 51 என்ற பிரிவுக்குள் "ஸ்க்ரீன்" அல்லது "செபரேட்" என்று கேட்டால் மலைபோல் வந்தது கையளவாகும். வந்ததைப் படிக்க ஆரம்பிக்காதீர்கள், படங்களை மட்டும் பாருங்கள். நீங்கள் வெல்டர், ஒரு படத்தைப் பார்த்த ஐந்து நொடியில் எந்தக் கம்பி எதோடு ஒட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர், பெரிய பெரிய வழக்கறிஞரைவிடவும் கெட்டிக்காரர். உங்களுடையது மாதிரி ஒன்று கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். அந்த ஆவணத்தின் எண்ணை எழுதுங்கள், தேதியை எழுதுங்கள், அதற்கு என்னென்ன வகைப்பாட்டு எண் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், நான் சொல்லாத ஒரு எண் அங்கே இருந்தால் அதற்குள்ளும் போங்கள்.

அதற்கு அடுத்த வேலையைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு ஆவணத்திலும் "சைட்டேஷன்ஸ்" என்று ஒரு பக்கம் இருக்கும். பரிசோதித்த அதிகாரி இதற்கு முன்னால் என்னென்ன வந்திருக்கிறது என்று தேடி எடுத்த பழைய ஆவணங்கள் ஒரு பக்கம், இந்த ஆவணத்தைப் பிற்காலத்தில் யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம். அதாவது தாத்தா யார், பேரன் யார் என்று இரண்டு திசையிலும் போகலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு நாள் முழுக்கத் தேடின ஒருவரின் உழைப்பு உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு நல்ல ஆவணம் கிடைத்து, அங்கிருந்து தாத்தாவையும் பேரனையும் பிடித்துக்கொண்டு போனால், ஒரு சாயங்காலத்தில் அந்தக் குடும்பமே உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும். வந்த ஆவணங்களே திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தால் அந்தப் பக்கம் தோண்டி முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எஸ்பாஸ்நெட் முடிந்ததும் கூகுள் பேட்டன்ட்ஸ் போங்கள், அது சாதாரணக் கூகுள் இல்லை, தனிப் பக்கம். சீன ஆவணங்களை ஆங்கிலத்தில் காட்டும் என்பதால் முக்கியம். எண்ணின் கடைசியில் "யு" என்ற எழுத்து வருகிற சீன ஆவணங்கள் குவியலாக வரும், அவை சின்னச் சின்ன மாற்றங்களுக்கு உள்ளடக்கத்தைப் பரிசோதிக்காமலேயே கொடுக்கிறவை, ஆனால் அற்பம் என்று தள்ளிவிடக் கூடாது. உங்கள் சல்லடை அதில் ஒன்றில் வரைந்திருந்தால், கொடுத்தது சரியோ தப்போ, அது வெளியாகிவிட்டது, உங்களுடையது புதுசு இல்லை. வைப்போ, அதாவது உலக அறிவுசார் சொத்து நிறுவனம், நடத்துகிற பேட்டன்ட்ஸ்கோப் தளத்தில் நீங்கள் அடிக்கிற சொல்லுக்கு மற்ற மொழிகளில் என்ன சொல்லோ அதையும் சேர்த்துத் தேடுகிற வசதி உண்டு, அதையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

நம் நாட்டுக்கு, மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவின் இணையத் தேடல். விண்ணப்ப எண் பிஐ என்று தொடங்கினால் காப்புரிமை, யுஐ என்று தொடங்கினால் யூட்டிலிட்டி இன்னவேஷன். இந்த இரண்டாவதை நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கருவிக்கு அதுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. காப்புரிமைக்குப் புதுசாக இருந்தால் மட்டும் போதாது, அந்தத் தொழில் தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றிவிடாத யோசனையாகவும் இருக்க வேண்டும். யுஐக்கு அந்த இரண்டாவது பரீட்சை இல்லை, புதுசாகவும் தொழிலில் பயன்படுவதாகவும் இருந்தால் போதும். பத்து வருடம் பாதுகாப்பு, பொருள் இங்கே உபயோகத்தில் இருக்கிறது என்று காட்டினால் ஐந்து, மறுபடி ஐந்து, மொத்தம் இருபது. பழைய கூண்டுக்குள் புதுச் சல்லடை வைத்தவருக்கு இந்த வாசல்தான் அகலம்.

ஆனால் காப்புரிமைத் தரவுத்தளத்தில் இல்லாததும் உலகத்தில் இருக்கிறது. மஞ்சள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995ல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள், எண் 5,401,504. நம் பாட்டிமார் எல்லோருக்கும் தெரிந்தது, பரிசோதித்த அதிகாரிக்குத் தெரியவில்லை, அவர் பார்க்கிற இடத்தில் அது இல்லை. இந்தியாவின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் எடுத்துப் போட்டு வாதாடி, 1997ல் அது ரத்தானது. அதற்குப் பிறகுதான் 2001ல் பாரம்பரிய அறிவுக்கென்று ஒரு மின்நூலகம் தொடங்கினார்கள், அதில் நம் சித்த மருத்துவத் தமிழ் நூல்களும் இருக்கின்றன. உங்கள் விஷயத்தில் "பழைய நூல்" என்பது எம்பிஓபியின் கருவி வெளியீடுகளும், அவர்கள் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கும் செம்பனை ஆராய்ச்சி இதழும், யுபிஎம் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களின் ஆய்வேடுகளும்தான். உதிரிப் பழம் திரட்டுகிற கருவியில் எம்பிஓபி பல வருடமாக வேலை செய்கிறது, அவர்கள் செய்ததைப் பார்க்காமல் நீங்கள் விண்ணப்பம் போடக் கூடாது. யூடியூபையும் பாருங்கள், இந்தோனேசியாவில் யாராவது கொல்லைப்புறத்தில் இதையே செய்து காட்டியிருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

சாட்பாட்டிடம் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். வேறு பெயர்கள் யோசிக்க அது நல்ல துணை, நோட்டின் மூன்று பத்தியை நிரப்ப உதவும். காப்புரிமை எண் கேட்டால் மட்டும் நம்பாதீர்கள். இல்லாத எண்ணை இருப்பதுபோலச் சொன்னதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், எண் இருந்தால் அது வேறு ஏதோ பல்துலக்கியாக இருக்கும். எந்த எண்ணையும் எஸ்பாஸ்நெட்டில் திறந்து படத்தைப் பார்த்த பிறகுதான் நோட்டில் எழுத வேண்டும்.

இவ்வளவு தேடியும் தெரியாத ஒரு பகுதி உண்டு. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 18 மாதம் வரை அது பொதுவாக வெளியே வராது. போன வருடம் யாராவது போட்டிருந்தால் நீங்களோ நானோ அந்த 4,500 ரிங்கிட் நிறுவனமோ யாரும் பார்க்க முடியாது. அதனால் "நூறு சதவீதம் புதுசு, உத்தரவாதம்" என்று எந்த நிறுவனம் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பின்னால் பணம் கொடுத்துத் தேடச் சொல்கிற கட்டம் வரும், வரட்டும், விண்ணப்பம் எழுத நல்ல ஏஜெண்டும் வேண்டியிருக்கும், அதற்குச் செலவு பண்ணுவதை நான் தடுக்கவில்லை. அப்போது அவர்களிடம் எந்தத் தரவுத்தளத்தில், எந்த வகைப்பாட்டு எண்ணில், என்ன சொல் போட்டு, எந்தத் தேதியில் தேடினீர்கள் என்று அறிக்கையில் எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். தருவோம் என்றால் பேசலாம். ரகசியம் என்றால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. உங்கள் நோட்டை அவர்கள் முன்னால் வைத்தாலே பேச்சின் தொனி மாறிவிடும், விலையும் மாறலாம்.

தேடலில் ஒன்றும் கிடைக்காமல் போனால் சந்தோஷம், கிடைத்தால் அழ வேண்டாம். பழைய ஆவணம் என்றால் அது உங்களுக்குப் பாடப் புத்தகம். காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான், வருடக் கட்டணம் கட்டாமல் விட்டால் அதற்கு முன்பே போய்விடும். அதுவும் எந்த நாட்டில் எடுத்தார்களோ அந்த நாட்டில்தான் செல்லும். அமெரிக்காவில் எடுத்துவிட்டு மலேசியாவில் எடுக்கவில்லை என்றால் இங்கே நீங்கள் அதைச் செய்து விற்பதைத் தடுக்க முடியாது. எஸ்பாஸ்நெட்டில் "லீகல் ஈவென்ட்ஸ்", "பேட்டன்ட் ஃபேமிலி" என்று இரண்டு பக்கம் இருக்கும், உயிரோடு இருக்கிறதா, அதே கண்டுபிடிப்புக்கு நம் நாட்டில் போட்ட தம்பி தங்கை ஆவணம் உண்டா என்று அங்கே முதல் பார்வை பார்க்கலாம், மைஐபிஓவிலும் உறுதி செய்துகொள்ளுங்கள். செத்துப்போன ஆவணத்தில் கம்பியின் இடைவெளி எவ்வளவு, எந்த வளைவில் கம்பி சோர்ந்து போகாமல் இருக்கும் என்று அவர்கள் பட்ட பாட்டையெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள், எடுத்து உபயோகியுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். கூண்டை இந்த மாதிரி எடுத்துக்கொண்டு, சல்லடைக்கும் நெம்புகோலுக்கும் மட்டும் உரிமை கேட்பது நேர்மையான வழி, பலமான வழியும்கூட.

கடைசியாக உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தின இரண்டு விஷயம். நீங்கள் வேலை செய்வது தோட்டத்துப் பட்டறையில். கருவியை எங்கே செய்தீர்கள்? தோட்டத்து மெஷினில், தோட்டத்துக் கம்பியில் செய்திருந்தால், காப்புரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு குறுக்கே வரும். கண்டுபிடிப்பது உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும், முதலாளியின் தொழிலுக்குள், முதலாளியின் சாதனங்களை வைத்துச் செய்த கண்டுபிடிப்பு அவருக்குப் போகும் என்று அது சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. உங்களுக்கு நியாயமான ஊதியம் உண்டு, ஆனால் உரிமை கைமாறிவிடும். வீட்டில், சொந்தக் கம்பியில் செய்திருந்தால் அதற்கான ரசீது, படம், தேதி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பட்டறையில் செய்தது என்றால் விண்ணப்பத்துக்கு முன் ஏஜெண்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் வழி சொல்வார்.

இன்னொன்று, நெம்புகோலை எங்கே வைத்தால் கை வலிக்காது என்று யார் சொன்னது? சருகும் பழமும் கலந்து வந்தால் எடை போடுகிற இடத்தில் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்று தெரிந்து, சல்லடை வேண்டும் என்று கேட்டது யார்? அம்மா சொன்ன யோசனைதான் அந்தப் பாகமாக ஆகியிருந்தால் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரும் வர வேண்டும். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள், கேட்டதை நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

அந்த மூன்று பத்தி நோட்டை இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு, சொற்கள் எழுதின பக்கத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், விட்டுப்போன பெயர்களைச் சேர்த்துத் தருகிறேன். சல்லடையின் படத்தை மட்டும் எனக்கும் அனுப்பாதீர்கள்.